நாலாவது தடவைதான் லோஷன் ஆனது

கை வெடிக்க ஆரம்பித்ததால்தான் வீட்டிலேயே லோஷன் செய்வதில் இறங்கினேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை கை கழுவ வேண்டிய வேலை எனக்கு. விரல் கணுக்களில் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்து, சோப்பு பட்டாலே எரியும். வாங்கிப் போட்ட லோஷன்களில் வாசனைதான் தூக்கலாக இருந்தது. எரிச்சல் இன்னும் கூடியது. வாசனையே இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிந்த ஒன்றைப் பூசிக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது.

முதல் தடவை தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், கற்றாழைச் சாறு. எல்லாம் கரண்டிக் கணக்கு. மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, சாற்றை ஊற்றி அடித்தேன். பார்க்க வெள்ளை வெளேரென்று நன்றாகவே இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் மேலே கட்டி, கீழே தண்ணீர். தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடித்து வைக்கிற பலம் அதற்குத் தனியாகக் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலன் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் குழைத்துப் பூச்சு செய்தார். கோல்ட் கிரீமுக்கு மூலம் அதுதான். அதுவும் சீக்கிரம் பிரிந்துவிடும் கலவைதான். தோலில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிக் குளிரும் என்பதால் அந்தப் பெயர். பிற்காலத்தில் வெண்காரம் சேர்த்த பிறகுதான் அது பிரியாமல் நின்றது.

அதனால் இரண்டாவது தடவை எமல்சிஃபையிங் வாக்ஸ் வாங்கினேன். ஒரு பக்கம் எண்ணெயையும் மறுபக்கம் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிற பொருள் இது. பெயரில் மெழுகு என்று இருந்தாலும் தேன்மெழுகு செய்யாத வேலையை இது செய்கிறது. கலவை பிரியவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கெடாமல் இருக்க வைட்டமின் ஈ சில சொட்டு விட்டு, ஒரு டப்பாவை அக்காவுக்கும் கொடுத்தேன்.

ஒன்பதாவது நாள் அக்கா கூப்பிட்டாள். "ஏய், நீ குடுத்த டப்பா மூடியில கறுப்பா புள்ளி புள்ளியா இருக்குடி. போட்டுக்கலாமா?" "போடாத அக்கா, கீழ கொட்டிடு" என்று சொல்லிவிட்டு என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். புள்ளி எதுவும் இல்லை. முகர்ந்தால் மட்டும் இலேசாகப் புளித்த வாடை. அதை அன்று காலையில்தான் வெடித்த கையில் தேய்த்திருந்தேன்.

அன்றைக்கு உண்மையாகவே பயந்துபோனேன். பூஞ்சை கண்ணில் படும்; அதற்கு முன்னாலேயே உள்ளே பாக்டீரியா பெருகியிருக்கலாம், பார்வைக்குக் கிரீம் சுத்தமாகத்தான் தெரியும். தோல் வெடித்த இடம் கிருமிக்குத் திறந்த கதவு. வைட்டமின் ஈ எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. இரண்டும் வேறு வேறு வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. இலையிலிருந்து வழித்த பச்சைக் கற்றாழையை அப்படியே சேர்த்தது இன்னும் மோசம். கிருமிக்கு அதில் தீனி நிறைய. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் வளர்ச்சி மெதுவாகும், நிற்காது.

ஆக, வழி இரண்டுதான். தண்ணீரே இல்லாமல் எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்த்து 'பாம்' செய்யலாம். அதில் ஈரம் இல்லாததால் பதப்படுத்தி, அதாவது கிருமி வளராமல் தடுக்கும் பொருள், தேவையில்லை. ஈரக் கையை உள்ளே விடாமல் இருந்தால் போதும். இல்லையா, தண்ணீர் சேர்ப்பது என்றால் பதப்படுத்தியும் சேர்க்கத்தான் வேண்டும். பாம் செய்தும் பார்த்தேன். ராத்திரிக்கு அருமை, பகலில் தொட்ட இடமெல்லாம் எண்ணெய்க் கறை. 'இயற்கை' என்ற சொல்லுக்காகப் பதப்படுத்தியை ஒதுக்கியது தவறு என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாள் ஆயிற்று. இப்போது இதைச் செய்ய நினைக்கும் யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: தண்ணீர் இருக்கிறதா, பதப்படுத்தி இல்லாமல் செய்யாதீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

எந்தப் பதப்படுத்தி என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் இரண்டும் கலவை ஓரளவு அமிலமாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். அதைச் சரியாகப் பிடிக்க எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் ஃபீனாக்சிஎத்தனால் கலந்த ஒன்றை எடுத்தேன். மொத்த எடையில் 1 சதவீதம், அதற்கு மேல் இல்லை.

மூன்றாவது தடவை கெடவில்லை, ஆனால் ரவை மாதிரி நறநறவென்று வந்தது. அதில் ஷியா பட்டர் என்ற கொட்டைக் கொழுப்பைச் சேர்த்திருந்தேன். அது மெதுவாக ஆறினால் அதிலுள்ள கொழுப்புகள் வெவ்வேறு சூட்டில் உறைந்து குருணை கட்டும். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கிளறிக்கொண்டே ஆறவிட்டதில் அது சரியாகிவிட்டது.

நாலாவது தடவை 100 கிராமுக்கு நான் போட்ட கணக்கு: காய்ச்சி வடித்த நீர் 71.5 கிராம், கிளிசரின் 4, பாதாம் எண்ணெய் 12, ஷியா பட்டர் 5, எமல்சிஃபையிங் வாக்ஸ் 6, பதப்படுத்தி 1, வைட்டமின் ஈ அரை கிராம். கரண்டியை விட்டுவிட்டு டிஜிட்டல் தராசுக்கு மாறினேன். 1 கிராம் பதப்படுத்தியைக் கண்ணால் அளக்க முடியாது. குறைந்தால் கெடும், கூடினால் தோல் எரியும்.

பாத்திரம், கரண்டி, புட்டி எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். நீரும் கிளிசரினும் ஒரு கண்ணாடிக் குவளையில். எண்ணெய், ஷியா, வாக்ஸ் இன்னொன்றில். இரண்டையும் அடுப்பில் நேராக வைக்காமல் கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் இறக்கினேன். இரண்டும் 70 முதல் 75 டிகிரிக்கு வந்த பிறகு, அதே சூட்டில் இருபது நிமிடம். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் வாக்ஸ் ஊற்றிய இடத்திலேயே உறைந்து திரிதிரியாகிவிடும். இந்த நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகும் என்பதால் முன்னாலேயே குவளையோடு எடை போட்டு வைத்திருந்தேன். 3 கிராம் குறைந்திருந்தது, சூடான வடிநீரால் ஈடு செய்தேன்.

அப்புறம் வந்த நிமிடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மஞ்சள் எண்ணெய் தெளிந்த நீரில் இழையாக இறங்குகிறது. ஹேண்ட் பிளெண்டரை ஒரு சுற்று விட்டதும் இரண்டு நிறமும் மறைந்து குவளை முழுக்கப் பால் வெள்ளை. பிளெண்டரின் தலை மேலே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகுந்து நுரைத்துவிடும். விட்டு விட்டு மூன்று நிமிடம் அடித்தேன். அந்தச் சூட்டில் அது பால் போலத் தண்ணியாகத்தான் இருக்கும். பதறி வாக்ஸை இன்னும் சேர்த்துவிடக் கூடாது. கிளறக் கிளற, 45 டிகிரி வாக்கில் கரண்டி போன தடம் கொஞ்சம் நின்றது. 40-க்கு இறங்கியதும் பதப்படுத்தியும் வைட்டமின் ஈயும் சேர்த்தேன். மறுநாள் காலையில்தான் அதன் உண்மையான கெட்டித்தன்மை தெரிந்தது.

அமில அளவைக் காட்டும் பி.எச். தாளில் 5.5-ஐ ஒட்டிக் காட்டியது. தோலின் மேற்பரப்பே இலேசான அமிலம்தான் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். வாசனை எண்ணெய் எதுவும் சேர்க்கவில்லை. எலுமிச்சை, பெர்கமாட் மாதிரி பழத்தோலிலிருந்து பிழிந்தெடுத்த எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கைத்தோல் புண்ணாகலாம். என் கைக்கு அந்தச் சோதனை வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்தேன். சிவக்கவில்லை, அரிக்கவில்லை. பிறகுதான் விரல்களுக்குப் போட்டேன்.

கை கழுவி ஒற்றியெடுத்து, ஈரம் போவதற்குள் ஒரு சொட்டு. காய்ந்த தோலில் போடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் தெரிகிறது. மூன்றாவது வாரம் கணுவில் இருந்த வெடிப்பு மூடிக்கொண்டது.

அக்காவுக்கு இந்தத் தடவை டப்பா கொடுக்கவில்லை, விரல் உள்ளே போகாத பம்ப் புட்டி. செய்த தேதியைப் புட்டி மேலேயே எழுதி ஒட்டினேன். வாங்கியதும் அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "வாசனையே இல்லையேடி" என்றாள். "இல்லாமத்தான் செஞ்சேன் அக்கா, மூணு மாசம் ஆச்சுன்னா மிச்சம் இருந்தாலும் கொட்டிடு" என்றேன்.