சிஸ்டர் ஆஸ்பத்திரி

எங்க கருமத்தம்பட்டி பக்கம் பழைய ஆளுங்ககிட்ட கேட்டா, "பிரசவம்னா சிஸ்டருங்க ஆஸ்பத்திரிதான் கண்ணு"ம்பாங்க. அந்த சிஸ்டருங்க, அதாவது கத்தோலிக்கக் கன்னியருங்களே, பிரசவம் பார்க்கக்கூடாதுன்னு ஒரு காலத்துல திருச்சபை விதி இருந்துச்சுங்க.

பிரான்ஸ்ல இருந்து வந்த பாரிஸ் மிஷன் சாமியாருங்க பொறுப்புல 1850லயே கோவை தனி மறைப்பகுதி (திருச்சபையோட நிர்வாகப் பகுதி) ஆயிருச்சு. ஆனாலும் அந்த விதிப்படி கன்னியருங்க மருந்து கொடுக்கலாம், புண்ணுக்குக் கட்டுப் போடலாம். பிரசவம் மட்டும் பார்க்கக்கூடாது. ஆம்பளை டாக்டர்கிட்டப் போக மாட்டேன்னு வீட்டுலயே வலியோட கிடந்த பொம்பளைங்களை நினைச்சா மனசு பதறுது.

ஆஸ்திரேலியாவுல டாக்டருக்குப் படிச்ச மேரி குளோரி 1920ல குண்டூருக்கு வந்து துறவியானாங்க. வைத்தியம் பார்க்க போப்பாண்டவரோட தனி அனுமதி வேண்டியிருந்துச்சு. ஆஸ்திரியாவுல பொறந்த டாக்டர் அன்னா டெங்கல் 1925ல மருத்துவத்துக்குன்னே ஒரு கன்னியர் சபை தொடங்கினாங்க. இப்படிப்பட்டவங்க விடாம கேட்டதுக்கு அப்புறம்தான், 1936ல ரோம் அந்தத் தடையை எடுத்துச்சு. மேரி குளோரி 1943ல ஆரம்பிச்ச சங்கம் இன்னைக்கும் நாடு முழுக்க கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளை இணைக்குது.

எங்கம்மா பொறந்ததும் ஒரு சிஸ்டர் கையிலதான். வெந்நீர்ல கொதிச்ச கத்திரிக்கோல், எனாமல் தட்டு, முழங்கை வரைக்கும் மடிச்சுவிட்ட வெள்ளை அங்கி. அம்முச்சி இதையெல்லாம் வரிசையாச் சொல்லும். வராந்தாவுல மருந்து கொடுத்த இடத்துல அப்புறம் பிரசவ வார்டு, எக்ஸ்ரே, இப்ப ஸ்கேன்.

உங்க வீட்டுலயும் சிஸ்டர் கையில பொறந்தவங்க இருப்பாங்க. அவங்ககிட்ட கேட்டு கமெண்ட்ல எழுதுங்க.