மொத்தம் ஒத்துவராத இரண்டு குவியல்கள்

ஒரு குவியலை இன்னொன்றாக மிகக் குறைந்த செலவில் மாற்றும் கணிதத்துக்கு ஆப்டிமல் டிரான்ஸ்போர்ட் என்று பெயர். அதைப் பேசினாலே 1781-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் மோன்ழ் போட்ட மண் அள்ளும் கணக்கில்தான் ஆரம்பிப்பார்கள். ஓரிடத்தில் வெட்டிய மண்ணை இன்னோரிடத்தில் கொட்ட வேண்டும், சுமக்கும் செலவு குறைவாக இருக்க வேண்டும். 1942-இல் சோவியத் கணிதவியலாளர் காந்தரோவிச் அதைத் தீர்க்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் இருவர் கணக்கிலும் வெட்டியதும் கொட்டுவதும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும், நிஜ டேட்டாவில் அது அமைவதே அபூர்வம்.

அதற்குப் பலர் செய்வது, இரண்டையும் அதனதன் மொத்தத்தால் வகுத்து 1 ஆக்கிவிடுவது. இது வெறும் வசதிக்கான படி அல்ல, சில நேரம் பச்சைப் பொய்யையே சொல்லிவிடும். முதல் நாள் ஏ வகை செல் 50, பி வகை 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஏ மட்டும் பிரிந்து இரட்டிப்பாகிறது: ஏ 100, பி அதே 50. வகுத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி இருந்தது மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்றாகிவிடும். இப்போது சாதாரண டிரான்ஸ்போர்ட்டை ஓட்டினால், பி செல்களில் மூன்றில் ஒரு பங்கு ஏ-வாக மாறிவிட்டது என்று சொல்லும். உண்மையில் ஒரு செல்கூட மாறவில்லை!

செல் கணக்கை எடுத்துக்காட்டியதற்குக் காரணம் உண்டு. எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் ஆர்என்ஏவைப் படிக்க அந்தச் செல்லையே உடைக்க வேண்டியிருப்பதால், ஒரே செல்லை நாளுக்கு நாள் பின்தொடர முடியாது, கூட்டங்களைத்தான் ஒப்பிட முடியும். 2019-இல் ஷீபிங்கர் குழுவினர் எலி செல்கள் ஸ்டெம் செல்லாக மாற்றப்படும் 18 நாட்களில் சுமார் 3,15,000 செல்களை எடுத்து ஆராய்ந்தபோது, எந்தச் செல் எவ்வளவு பெருகும் என்ற மதிப்பீட்டையும் கணக்கில் சேர்த்து, அதிலிருந்து விலகினால் அபராதம் என்று தளர்த்தி வைத்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேலை அது.

சரி, வகுக்காமல் இரண்டு குவியல்களுக்கும் இடையிலான தூரத்தை எப்படி அளப்பது? நிறையை, அதாவது குவியலில் உள்ள அளவை, நகர்த்தலாம், இருந்த இடத்திலேயே கூட்டலாம், குறைக்கலாம், எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இந்த யோசனையை 2015 வாக்கில் மூன்று குழுக்கள் தனித்தனியாக எட்டின, அதனால்தான் அதற்கு ஹெலிங்கர்–காந்தரோவிச், வாசர்ஸ்டைன்–ஃபிஷர்–ராவ் என்று இரண்டு பெயர். கையாலேயே போட்டுப் பார்க்கலாம்: ஒரு புள்ளியில் 4, இன்னொரு புள்ளியில் 9. நிறைகளின் கூட்டல் 13, பெருக்கலின் வர்க்கமூலத்தில் இரு மடங்கு 12. தூரத்தின் வர்க்கம், 13-இலிருந்து 12 பெருக்கல் புள்ளிகளின் இடைவெளியின் கொசைனை (ரேடியனில்) கழித்தால் வருவது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் 1. இடைவெளி 1 என்றால் சுமார் 6.5. இடைவெளி பை (π) என்ற எண்ணில் பாதியை, அதாவது சுமார் 1.57-ஐத் தொட்டால் 13, அதற்கு மேல் எவ்வளவு தள்ளிப் போனாலும் அதே 13தான். அவ்வளவு தூரம் சுமப்பதைவிட இங்கே அழித்து அங்கே புதிதாக உண்டாக்குவதே மலிவு என்று கணக்கே முடிவு செய்துவிடுகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். சாதாரண டிரான்ஸ்போர்ட் தரும் வாசர்ஸ்டைன் தூரத்தில் மீட்டரைக் கிலோமீட்டர் ஆக்கினால் விடை ஆயிரத்தால் வகுபடும், வேறொன்றும் ஆகாது. இதில் அலகை மாற்றினால் எது நகர்ந்தது, எது பிறந்தது என்ற கதையே மாறிவிடும். ஆகவே அந்த 1.57 உங்கள் டேட்டாவில் எவ்வளவு தொலைவைக் குறிக்கிறது, ஒரு செல் அந்த நேரத்துக்குள் அவ்வளவு தூரம் போயிருக்க முடியுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் நிரலை ஓட்டுங்கள். அந்த எண்ணைக் கட்டுரையின் பிற்சேர்க்கையில் ஒளித்து வைக்காமல் படத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.