பொருளில்லாத 20 சொற்கள்

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி கொண்டுவந்தது என்பதற்காகவே ஒரு திட்டத்தை ஒதுக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2012 முதல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர் ஒவ்வொருவராக அருகில் உட்காரவைத்து 40 சொற்களை வாசிக்கச் சொல்கிறார், அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது, ஏனென்றால் பிள்ளை எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிக்கிறதா, பார்த்துப் பழகிய சொல்லை ஒப்பிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். முதல் ஆண்டில் இந்தச் சோதனையில் தேறியவர்கள் 58 சதவீதம். 2019இல் 82. நிக் கிப் என்ற அமைச்சர் இதை விடாப்பிடியாக நடத்தினார். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தர வகுப்பறையை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதனால்தான் இதை மனதார ஆதரிக்கிறேன்.

சரி, அவர்கள் செய்த எல்லாவற்றையும் ஏற்கிறேனா? இல்லை. 2010இல் ஆட்சிக்கு வந்த கையோடு அவர்களின் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பள்ளிக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை நிறுத்தினார். அப்புறம், 16 வயதுக்கு மேல் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுண்டு வரை கிடைத்த உதவித்தொகையும் போனது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.