வெயிலில் ஏறிய சுருதி: பள்ளி பேண்டு முகாமுக்குச் சென்று வந்தேன்

பள்ளி பேண்டுக் குழுவுக்குத் துணை ஆசிரியராக முகாமுக்குப் புறப்பட்ட அன்று, பேருந்தில் மாணவர்களை ஏற்றியதைவிட வாத்தியங்களை ஏற்றுவதற்கே அதிக நேரம் பிடித்தது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் மடியில் அடங்கிவிடும். உடலைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊத வேண்டிய சூசஃபோனோ 10 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதன் அகன்ற முகப்பைத் தனியே கழற்றித் துணி சுற்றி வைத்தாலும் இரண்டு இருக்கைகளைப் பிடித்துக்கொள்ளும். அதை வாசிக்கும் மாணவன் வழிநெடுக ஒரு கையை அதன்மேல் வைத்தபடியே வந்தான்.

சென்று சேர்ந்த மாலையில் விடுதிக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தபோது எல்லாம் நன்றாக அமைந்தது. மறுநாள் காலை அதே மெட்டை மைதானத்தில் நடந்துகொண்டே வாசித்தபோது நான்கு அடி தாண்டுவதற்குள் தாளம் சிதறிவிட்டது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது என்பதால், 34 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதை அடைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 காலடி என்ற நடையில் ஒரு தாளத் தட்டுக்கு அரை நொடிதான். ஆகவே மைதானத்தின் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் ஒருவரையொருவர் காதால் பின்தொடர்ந்தால் வாசிப்பு தட்டுக்குத் தட்டு பின்தங்கிக்கொண்டே போகும். முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைக் கண்ணால் பார்த்து வாசிப்பது ஒன்றே வழி. நன்றாகக் கேட்டு வாசியுங்கள் என்று வகுப்பறையில் ஓயாமல் சொல்லி வளர்த்த பிள்ளைகளிடம், இப்போது காதை நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கூர்மையான காது கொண்டவர்களே இதில் அதிகம் திணறினார்கள் என்பதைக் கவனித்தேன்.

அடுத்த சிக்கல் வெயில். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடி ஊதுவாத்தியங்களின் சுருதி ஏறிவிடும். சிறு சுத்தியால் தட்டி வாசிக்கும் குளோக்கன்ஸ்பீலின் உலோகப் பட்டைகளின் சுருதியோ சூட்டில் சற்றே இறங்கும். காலையில் ஒன்றாகச் சேர்ந்திருந்த இரண்டும் நண்பகலில் காதைக் கூசவைத்தன. டிரம்பெட்டின் சுருதிக் குழலை வெளியே இழுத்தும், கிளாரினெட்டை மூட்டில் சிறிது விலக்கியும் சரிசெய்தோம். மரக் கிளாரினெட்டுகள் வெயிலில் கிடந்தால் விரிசல் விடக்கூடும் என்பதால் இடைவேளைகளில் அவற்றை நிழலுக்கு எடுத்துச் செல்வதையே ஒரு பொறுப்பாக இருவரிடம் ஒப்படைத்தோம்.

முகாமின் நடுப்பகுதியில்தான் எல்லோரும் சோர்ந்துபோனார்கள். ஒரு பிற்பகலில் முதல் டிரம்பெட் மாணவி வாத்தியத்தை இறக்கிவிட்டு நின்றாள். உதட்டில் ஊதுமுனையின் வட்டம் சிவந்து பதிந்திருந்தது.

“மேல் சுரம் வரவே இல்லை சார், காத்து மட்டும்தான் வருது” என்றாள். கண்கள் நிறைந்திருந்தன.

உதடும் தசைதான், களைத்த பிறகு இன்னும் அழுத்தி ஊதினால் வீக்கம்தான் மிஞ்சும். அன்று முழுவதும் அவள் ஊதாமல், விரல்களால் வால்வுகளை மட்டும் அழுத்திக்கொண்டு வரிசையில் நடக்கட்டும் என்று தீர்மானித்தோம். மறுநாள் காலை அந்தச் சுரம் அவளுக்குத் தடையின்றி வந்தது. பித்தளை வாத்தியக்காரர்களை மணிக்கணக்கில் இடைவிடாமல் ஊதவைக்கும் அட்டவணைகளை எந்த முகாமும் வைத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மகிழ்ச்சி வந்த இடம் யாரும் எதிர்பாராதது. ஒரு முழு வரிசை, கீலில் திரும்பும் கதவைப் போல ஒரு முனையை மையமாகக் கொண்டு சுழல வேண்டும். உள்முனையில் இருப்பவர் நின்ற இடத்திலேயே அடி வைக்க, வெளிமுனையில் இருப்பவர் காலை எட்டிப் போட வேண்டும். இடையில் உள்ள ஒவ்வொருவருக்கும் அடியின் அளவு வேறு. எத்தனையோ முறை வில்லாக வளைந்த அந்த வரிசை, ஒரு மாலையில் நேர்கோடாகவே திரும்பி நின்றது. வெளிமுனையில் இருந்த சூசஃபோன் மாணவன் மெட்டை முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் வாய்விட்டுக் கத்தினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நிறைவு நாளில் பெற்றோர் முன்னிலையில் அந்தத் திருப்பம் மீண்டும் நேராக அமைந்தது. இறுதிப் பகுதியில் ஓர வரிசை சற்றுப் பின்தங்கியதும் உண்மை. ஊதுவாத்தியப் பயிற்சியை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றி, நண்பகலை வாத்தியமின்றி நிழலில் தாளம் எண்ணுவதற்கு ஒதுக்க வேண்டும் என்று திரும்பும் வழியிலேயே தலைமை இசை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த முகாமுக்கு அப்படியே செய்வோம் என்று அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.