1977 சட்டத்துக்குப் பின்னால் நின்றவர்கள்

லண்டனில் வீடில்லாமல் உதவி கேட்டு வருபவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலர் நான். கைக்குழந்தையோடு வரும் பெண்ணிடம், "தங்க இடம் ஏற்பாடு செய்வது கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சட்டக் கடமைம்மா" என்று சொல்ல முடிகிறதே, அந்த வரி சும்மா வந்ததில்லை. வீடற்றவர்களுக்கான 1977 சட்டம் தந்தது அது.

அதற்கு முன்பிருந்த 1948 தேசிய உதவிச் சட்டத்தில் வீடற்றவர்களுக்குக் கிடைத்தது தற்காலிக விடுதிதான். பல விடுதிகளில் கணவனை உள்ளே சேர்க்க மாட்டார்கள். பிள்ளைகளைப் பிரித்துக் காப்பகத்துக்கு அனுப்பியதும் உண்டு. வீடில்லை என்பதற்காகக் குடும்பத்தையே பிய்ப்பதா? நினைத்தாலே வயிறு எரிகிறது.

70களில் வீடற்றவர்களுக்காக உழைக்கும் ஷெல்டர், கத்தோலிக்க வீட்டு உதவிச் சங்கம், வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் விமன்ஸ் எய்ட் உள்ளிட்ட அமைப்புகள் 'ஜாயின்ட் சாரிட்டீஸ் குரூப்' என்று ஒன்றாக நின்றன. விமன்ஸ் எய்ட் அதில் இருந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவந்தவளும் வீடற்றவள்தான் என்பதை அவர்களைவிட யார் அழுத்திச் சொல்லியிருக்க முடியும்? லிபரல் கட்சி எம்.பி. ஸ்டீஃபன் ராஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா (அரசு அல்லாமல் ஒரு எம்.பி. தானே கொண்டுவருவது) 1977இல் சட்டமானது.

முழு வெற்றி இல்லை. தன் செயலாலேயே வீட்டை இழந்தவருக்கு முழு உதவி தர வேண்டியதில்லை என்னும் 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' ஷரத்தும் உள்ளே நுழைந்துவிட்டது. பிள்ளைகுட்டி இல்லாத தனியாட்கள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றார்கள். இங்கிலாந்தில் அவர்களுக்கும் உதவும் கடமையை கவுன்சில்கள்மீது வைத்தது 2017 சட்டம். அதற்காக வீடற்றவர்களுக்கான க்ரைசிஸ் தொண்டு அமைப்பு கடுமையாக உழைத்தது. நாற்பது வருஷம் ரொம்ப அதிகம்.