பாலாற்று ஊற்றுக்கு ஒரு பத்தி

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கினாலே அப்பாவின் பழைய கடிதங்கள் நினைவுக்கு வந்துவிடும். முகவரியின் கடைசி வரியில் 'வ.ஆ. மாவட்டம்' என்று எழுதுவார். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது, 2019-ல் வேலூர் மாவட்டமும் மூன்றானது. அப்பா மட்டும் கடைசிவரை அந்த வ.ஆ.வை விடவில்லை.

இந்த முறை வந்தது தம்பி மகளின் வளைகாப்புக்கு. ஞாயிறு காலை வளைகாப்பு. அன்று மாலையே வேலூர் வாசகர்கள் சிலர் என் விஞ்ஞானக் கதை ஒன்றுக்கு விருது கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நாளில் அமைந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சனிக்கிழமையே வந்துவிட்டதால் தம்பியோடு காவலூர் வானாய்வகத்துக்குப் போனேன். வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயம் தாண்டினால் ஜவ்வாது மலையின் காடு. அதற்குள் வெள்ளைக் குவிமாடங்கள். 1972-ல் இங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். அந்த ஆண்டே வியாழனின் நிலா கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கக்கூடும் என்ற தடயம் கிடைத்தது. 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்ததிலும் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. 2.34 மீட்டர் தொலைநோக்கிக்காகப் பாடுபட்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-ல் காலமாகிவிட்டார். அது 1986-ல்தான் திறக்கப்பட்டது. அதன் அடியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். இருட்டியதும், பார்வையாளர்களுக்கான சின்னத் தொலைநோக்கியில் வியாழனைக் காட்டினார்கள். பக்கத்தில் நாலு புள்ளிகள். எது கானிமீடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இன்னொரு தடவை வரிசையில் நின்றேன்.

மறுநாள் முதலில் வேப்பிலைக் காப்பு, அப்புறம் கண்ணாடி வளையல்கள். அத்தை என்பதால் நானும் அடுக்கினேன். கன்னத்தில் சந்தனம் பூசக் குனிந்தபோது அவள் காதோரம் கேட்டாள்: "அத்தை, புதுக் கதையில அந்தப் பாட்டி செத்துத்தான் ஆகணுமா?" பதினைந்து வயதிலிருந்து என் கையெழுத்துப் பிரதிகளை முதலில் படிப்பவள் அவள். புளியோதரை பரிமாறும் வரை அந்தப் பாட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

விருது விழா ஒரு டியூஷன் சென்டர் மாடியில். முப்பது நாற்காலி இருக்கும். வருஷம் முழுக்கப் படித்த கதைகளின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டு, எண்ணித் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உலக அறிவியல் புனைவு மாநாட்டின் ஹ்யூகோ விருதும் இப்படித்தான், மாநாட்டின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. முதலில் கொடுத்தது 1953-ல். அடுத்த வருஷம் கொடுக்கவில்லை. 1955-லிருந்து வருஷா வருஷம் உண்டு. நடுவர் குழுக்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனாலும் யாரும் சொல்லாமல் தானாகப் படித்த ஒருவர் சீட்டில் என் கதையின் பெயரை எழுதியிருக்கிறார் என்பது வேறு மாதிரி இருக்கிறது. அங்கே ராக்கெட் கோப்பை தருவார்கள். இங்கே எனக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு. கல்யாணப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது போல விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாய்க் கதையின் பெயரும் என் பெயரும். விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கதை, மணலே இல்லாமல் போன பாலாற்றைப் பற்றியது. நூறு வருஷத்துக்குப் பிறகு, ஆற்றின் பழைய நினைவுகளைச் சேகரிக்கும் ஓர் இயந்திரம் அதில் வரும். கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் வந்தார். பள்ளிகொண்டா பக்கமாம்.

"கதை நல்லா இருந்ததும்மா. ஆனா ஊத்து தோண்டுறதை விட்டுட்டீங்களே."

"சொல்லுங்கய்யா."

"முழங்கை ஆழம் மணலைத் தோண்டுவோம். மொதல்ல கலங்கலா வரும். அதை எறைச்சிட்டு சும்மா உட்காரணும். அவசரப்பட்டா மறுபடி கலங்கிடும். தெளிஞ்சப்புறம் கொட்டாங்கச்சியில மொண்டு குடத்துல ஊத்துவோம்." சொல்லும்போது கையைக் குழித்து மொண்டு காட்டினார்.

அவர் எனக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். போட்டுவிட்டும் அந்தக் குறை மனதில் இருந்திருக்கிறது. என் இயந்திரத்திடம் ஆற்றின் நீளம், அகலம், வெள்ளம் வந்த வருஷம் எல்லாம் இருக்கின்றன. காத்திருந்து மொண்ட தண்ணீர் இல்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி.

திரும்பும்போது ரயிலில் நோட்டை எடுத்தேன். கலங்கல் தெளியும்வரை உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியை எழுதினேன். அரக்கோணம் வந்தபோது ஒரு பத்தி ஆகியிருந்தது. போட்டோ எடுத்துத் தம்பி மகளுக்கு அனுப்பினேன். 'இவளைச் சாகடிக்காதீங்க அத்தை' என்று உடனே பதில் வந்தது.