சம்பளம் வாங்கும் கல்லூரி வீரர்கள்: ரசிகர்களைக் களைப்பாக்குவது எது?

அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்பது 2025 ஜூலை 1 முதல் நடைமுறை. அதற்கு வழிவிட்டது, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசம். நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று அதற்கு ஒப்புதல் தந்தார். அன்றிலிருந்து, ரசிகர்களின் பற்று போய்விட்டது, எல்லாம் காசு என்ற புலம்பல் ஓயவில்லை. இந்தப் பழி இடம் மாறி விழுகிறது என்பது என் உறுதியான எண்ணம். வீரர் சம்பளம் வாங்குவது நியாயம். எப்போதோ வந்திருக்க வேண்டியது. ரசிகரைக் களைப்பாக்குவது ஆண்டுதோறும் கலைந்து மறுபடி கட்டப்படும் அணி.

முதலில் பணக் கணக்கு. பெரிய லீக்குகளில் உள்ள கல்லூரிகளுக்கு டிக்கெட், தொலைக்காட்சி, ஸ்பான்சர் போன்ற குறிப்பிட்ட வகைகளில் வரும் வருமானத்தின் சராசரியை எடுத்து, அதில் 22 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறார்கள். 2025-26க்கு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். புதிதாகச் சேர்க்கும் ஸ்காலர்ஷிப்புகளில் 25 லட்சம் வரை இதே வரம்பில் கழியும். அதனால் பல கல்லூரிகளின் கையில் ரொக்கமாக நிற்பது சுமார் 1.8 கோடி.

இதை எப்படிப் பிரிப்பது என்று சமரசம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பழைய வீரர்களுக்கான 280 கோடி டாலர் இழப்பீட்டுக்கு வகுத்த விகிதத்தையே பலரும் பின்பற்றுகிறார்கள்: ஃபுட்பாலுக்கு (கையால் பந்தை எறிந்து ஆடும் அமெரிக்க ஆட்டம்) 75, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மீதி எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 5 சதவீதம். அப்படிப் பார்த்தால் ஃபுட்பாலுக்கு 1.35 கோடி. 105 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 1,28,000 டாலர். சமமாக யாரும் பிரிப்பதில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கும், அவரைக் காக்கும் லைன்மேன்களும், எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்களும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி 40 பேருக்கு ஸ்காலர்ஷிப்புக்கு மேல் கிடைப்பது சொற்பமே. பெண்களுக்குப் போகும் பங்கு பாலினச் சமத்துவச் சட்டமான டைட்டில் நைனுக்கு ஒத்துப்போகுமா என்பது நீதிமன்றத்தில் தொங்கும் தனிக் கேள்வி.

வரம்புக்கு வெளியே இன்னொரு வாசல் இருக்கிறது. தன் பெயரையும் உருவத்தையும் வைத்து வீரர் வெளியில் செய்துகொள்ளும் விளம்பர ஒப்பந்தங்கள், அதாவது என்.ஐ.எல். இவை 2021 ஜூலை 1 முதலே உண்டு. அதற்குப் பத்து நாள் முன்பு ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. விளம்பரம் என்ற பெயரில் பணம் திரட்டி ஆள் பிடித்துக் கொடுக்கக் கிளம்பியவையே 'கலெக்டிவ்' என்னும் ரசிகர் அமைப்புகள். இப்போது 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு வெளி ஒப்பந்தத்தையும் கணக்குத் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் நடத்தும் 'என்.ஐ.எல். கோ' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பணம் கொடுப்பவர் யார், உண்மையான வியாபாரக் காரணம் உண்டா, தொகை சந்தை அளவில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதிகம் இடறும் இடம், வீரரின் உரிமையை வாங்கிவிட்டு எந்த விளம்பரத்திலும் பயன்படுத்தாமல் கிடப்பில் போடுவது. எந்தப் பொருளுக்கு, எந்த நாளில், எத்தனை சமூக ஊடகப் பதிவு, எத்தனை நேர்வருகை என்று எழுதாத ஒப்பந்தம் அங்கே சிக்கும்.

வீரர்கள் கவனிக்காமல் விடுவது வரி. என்.ஐ.எல். பணத்தில் பெரும்பாலும் முன்கூட்டியே பிடித்தம் கிடையாது. வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாங்களே கட்ட வேண்டும். எஃப்-1 விசாவில் இருக்கும் வெளிநாட்டு மாணவர் அமெரிக்க மண்ணில் இந்த வேலையைச் செய்தால் விசாவுக்கே ஆபத்து.

இனி ரசிகர் பக்கம். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021இல் ஒருமுறை மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024இல், படிப்பில் தேர்ச்சி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. இதோடு பணமும் சேர்ந்ததால் ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு ஆண்டும் சந்தைக்கு வரலாம். முதலாண்டில் தடுமாறிய பையன் நான்காம் ஆண்டில் தலைவனாகி நிற்பதைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் கல்லூரி ரசிகர்கள். தொழில்முறை லீக் தராத ருசி அது. இழப்பு அங்கேதான்.

2022இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி, தன் பிரிவின் 16 இடங்களில் 15ஆம் தரவரிசையில் இருந்து, கூடைப்பந்துத் தொடரின் கடைசி எட்டு வரை போனது. அடுத்த சீசனுக்குள் பயிற்சியாளரும் முக்கிய வீரர்களும் வேறு இடம் போய்விட்டார்கள். 2025இல் கடைசி 16 அணிகளும் வெறும் 4 பெரிய லீக்குகளைச் சேர்ந்தவை. சின்னக் கல்லூரி வளர்த்த வீரரைப் பெரிய கல்லூரி விலைக்கு எடுத்துக்கொள்கிறது. வளர்த்தவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், அது வலுவானது. தோல்விக் கணக்கில் முன்னணியில் இருந்த இந்தியானா பல்கலைக்கழகம், வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை வைத்து 2024இல் 11 ஆட்டம் வென்றது. 2025 சீசனில் கலிஃபோர்னியா (பெர்க்லி) பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவோடு தேசியக் கோப்பையையே வென்றது. 2024 அக்டோபரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 40-35 என்று வலுவான அலபாமாவை வீழ்த்தியபோது ரசிகர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அந்த வெற்றியின் குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா அந்த ஆண்டுதான் அங்கே வந்தவர். புதியவர் என்பதற்காக யாரும் அவரை விலக்கவில்லை. சட்டையின் நிறத்தின் மேல் உள்ள பற்று, நினைத்ததைவிடக் கெட்டியானது.

கெட்டியான அந்தப் பற்றிடமே இப்போது பில்லையும் நீட்டுகிறார்கள். டென்னசி பல்கலைக்கழகம் 2025 ஃபுட்பால் சீசன் டிக்கெட்டில் 10 சதவீதம் 'திறமைக் கட்டணம்' என்று 2024 செப்டம்பரில் அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதன் குவார்ட்டர்பேக் நிகோ ஐயமலியாவா பிரிந்து யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் போனார், அங்கிருந்த ஜோயி அகிலார் டென்னசிக்கு வந்தார். டிக்கெட்டின் ஒரு பகுதி வீரரின் சம்பளம் என்று தெரிந்த பிறகு ரசிகர் பார்க்கும் பார்வை மாறும். தவறிய பாஸுக்கு முன்பு 19 வயதுப் பையன் என்று பொறுத்தவர், இன்று கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பார். அந்த வயதுக்கு அது பெரிய சுமை. இதை நிர்வாகங்கள் போதுமான அளவு யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வாய்ப்பேச்சு ஒப்பந்தங்களின் கேடு தனி. 2024இல் யூ.என்.எல்.வி. பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூக்கா மூன்று வெற்றிகளுக்குப் பின், சொன்ன பணம் வரவில்லை என்று நடு சீசனில் விலகினார். அப்படி ஒப்பந்தமே இல்லை என்றது மறுதரப்பு. 4 ஆட்டங்களுக்கு மேல் ஆடாத வீரருக்கு அந்த ஆண்டு கணக்கில் சேராது என்ற ரெட்ஷர்ட் விதியால், அவருக்கு மூன்றாவது ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வது லாபமாகவும் இருந்தது.

எழுத்தில் பல ஆண்டு ஒப்பந்தம், முறித்தால் திருப்பிக் கட்டும் தொகை, எல்லோருக்கும் பொதுவான மாற்ற விதி, இவை வந்தால் அணி நிலைக்கும். சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. போட்டியாளர்கள் கூடிச் சம்பள வரம்பும் இடமாற்றத் தடையும் விதித்தால் அது ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தில் மாட்டும். தொழில்முறை லீக்குகள் தப்பிப்பது வீரர் சங்கத்தோடு பேசிக் கையெழுத்திடுவதால். கல்லூரி வீரர் ஊழியர் என்றே ஏற்கப்படாதபோது யாரோடு பேசுவது? டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அது தனியார் கல்லூரி என்பதால்தான் மத்தியத் தொழிலாளர் வாரியம் வரை போக முடிந்தது. ஃபுட்பாலில் பெரிய பெயர்கள் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்கள். அவற்றுக்கு மாநிலச் சட்டமே பொருந்தும். வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர் கூட்டுப்பேரத்துக்கே தடை இருக்கிறது.